ஜன்னல் ஓரத்து சுப் குர்சி

லோதி ரோடு, புது தில்லி
20 நவம்பர் 2025

அடி ஜூலி,

நின்றுகொண்டிருந்தால் முதலில் உட்கார். என் பேப்பரை வியாழன் அரங்கில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! இன்று காலை வாசுதேவன் சார் என் அறை வாசலில் வந்து நின்று, உள்ளே கூட வராமல், "ஜனவரி பதினஞ்சு. மூணு மணி. உங்க பேப்பர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஆய்வு மையத்தின் இயக்குநர் சிரிப்பதற்கே யோசிப்பவர். அவர் நேரில் வந்து சொன்னதே பெரிய விஷயம். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தேன். கீழ் மாடியில் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். நீ ஜெனீவாவுக்குப் போன பிறகு சார் இங்கே ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறார். மற்ற ஊர் செமினார்களில் பேப்பர் எழுதியவர் பேசுவார், முதல் ஸ்லைடிலேயே நாலு பேர் பாய்வார்கள், அவர் கடைசி வரை தற்காத்துக்கொண்டே இருப்பார். சாருக்கு அது பிடிக்காது. "எழுதினவன் பேப்பரைக் காப்பாத்தத்தான் பேசுவான், புரிய வைக்கப் பேச மாட்டான்" என்பார். அதனால் எங்கள் வியாழன் அரங்கில் எழுதியவர் பேசக் கூடாது. வேறொருவர் அந்தப் பேப்பரைத் தன்னுடையது போல, 'நான் பார்த்தேன், நான் கணக்குப் போட்டேன்' என்றே எடுத்துச் சொல்ல வேண்டும். கேள்விகளுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எழுதியவர் ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தலையைக் கூட ஆட்டக் கூடாது! டீ கொடுக்கும் அண்ணன், எங்கள் பையா, அதற்கு இந்தியில் 'சுப் குர்சி', பேசா நாற்காலி, என்று பெயர் வைத்தார், இப்போது சாரே அப்படித்தான் சொல்கிறார்.

யார் பேசுவது என்று எழுதியவரே தேர்ந்தெடுக்கலாம். நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும், தெரியும். இப்போது கேட்கிறேன். வருவாயா?

பேப்பர் எது என்று உனக்குத் தெரியும். வஜீர்பூர் பட்டறைகளின் எவர்சில்வர் பாத்திரம். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் (பெயரை எழுதினால் உனக்குக் கொட்டாவி வரும், அவ்வளவு பேசியிருக்கிறேன்). அவர்கள் சுங்க வரியைக் குறைத்ததும் நம் பாத்திர ஏற்றுமதி அந்த வருஷமே கிட்டத்தட்ட இரட்டிப்பானது. இந்த ஒப்பந்தங்களால் ஒன்றும் நடக்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு என் ஒரு கிராஃப் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் என் ஒப்பந்த வேலை முடிகிறது. நிரந்தர இடம் ஒன்றுதான் இருக்கிறது. தேர்வுக் குழுவில் உள்ளவர்கள் அன்று அரங்கில் முன் வரிசையில் உட்காருவார்கள். கிடைத்தால் தில்லி. கிடைக்காவிட்டால் மும்பையில் ஒரு பாங்க் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நல்ல சம்பளம்தான். ஆனால் அங்கே வியாழக்கிழமை வெறும் வியாழக்கிழமை, ஜூலி. நான் செத்துப் போவேன்.

அன்று பொங்கல். "காலையிலேயே பால் பொங்கிடும், மூணு மணிக்கு உனக்கு என்ன தடை?" என்று அப்பா கேட்கிறார். கடைசி வரிசையில் உட்கார அனுமதி உண்டா என்றும் கேட்கிறார். அவர் செக்‌ஷன் ஆபீசராக ரிடையர் ஆனவர், அனுமதி இல்லாமல் எங்கும் உட்கார மாட்டார்.

பதில் மெயிலும் தமிழிலேயே எழுது. இங்கிலீஷில் எழுதினால் நாம் இரண்டு பேரும் அடிக்குறிப்பு போட ஆரம்பித்துவிடுவோம். தவிர, என் அறையில் கூட இருப்பவர்கள் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் நாம் கற்றது இதற்காவது பயன்படட்டும்.

உன்,
வல்லி


ஜெனீவா
26 நவம்பர் 2025

அன்பு வல்லி,

வருவேன். இதைக் கேட்க வேறு வேண்டுமா?

உன் கடிதத்தை டிராமில் படித்துச் சிரித்தேன். எதிரில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் நீ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்பதைப் பார்க்கவே நான் டிக்கெட் எடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் உன்னை வாய் மூட வைக்க மூன்று டீச்சர்கள் முயன்று தோற்றார்கள். வாசுதேவன் சாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தேன், இப்போது ஜனவரிக்கு மாற்றிவிட்டேன். தில்லியில் துவாரகா வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னதும் அம்மா, "ஏட்டி, கிறிஸ்துமஸுக்கு வராம பொங்கலுக்கு வாரியோ? நல்லாருக்கு போ" என்று வைத்துவிட்டாள். நீ ஒரு நாள் போய் அவளைச் சமாதானப்படுத்து. ஆஸ்பத்திரியிலிருந்து ரிடையர் ஆன பிறகு அவளுக்கு ஊசி போட ஆள் கிடைப்பதில்லை, அதனால் வார்த்தையால் குத்துகிறாள்.

ஒரு நிபந்தனை. 'நான் கணக்குப் போட்டேன்' என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமானால் நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். டேட்டா முழுவதையும் அனுப்பு. சுத்தம் செய்ததை மட்டும் அல்ல, சுங்கத்திலிருந்து நீ இறக்கிய மூலத்தையும் அனுப்பு. இங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, எனக்கும் பொழுது போகும்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஆசையாக இருக்கிறது. இங்கே செமினார்களில் எல்லோரும் ரொம்ப மரியாதையாகத் தூங்குகிறார்கள். தில்லியில் ஒருவன் கையைத் தூக்காமலேயே குறுக்கே பேசுவானே, அதற்காக ஏங்கிப் போயிருக்கிறேன்.

உன்,
ஜூலி


லோதி ரோடு, புது தில்லி
8 டிசம்பர் 2025

என் செல்ல ஜூலி,

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். மூலம், சுத்தம் செய்தது, கணக்குப் போட்ட நிரல், வஜீர்பூர் பட்டறைகளில் எடுத்த பேட்டிகள், எல்லாம். என் தலையைத் திறந்து உன் மேஜையில் வைத்த மாதிரி இருக்கிறது. பத்திரம்.

இங்கே அரங்கு பற்றித்தான் பேச்சு. வர்த்தக இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது, 'போன ஒப்பந்தம் பலன் தந்ததா?' என்று கேட்பவர்களுக்குக் காட்ட அவர்களுக்கு என் கிராஃப் வேண்டுமாம். என் கிராஃப்! இது வரை என் எழுத்தை நீயும் அப்பாவும் ஆய்விதழின் ஒரு நடுவரும்தான் படித்திருக்கிறீர்கள், அதில் அப்பாவுக்கு நன்றியுரை மட்டும்தான் புரிந்தது.

சார் இன்று கேண்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிரெட் பக்கோடாவைப் பிய்த்துக்கொண்டே, "ஜூலியா நல்லா பேசுவாங்களா?" என்றார். "என்னைவிட நல்லா பேசுவா சார்" என்றேன். "உங்களைவிட எல்லாரும் கொஞ்சம் கம்மியாத்தான் பேசணும்" என்றார். ஜோக் அடிக்கிறார் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று.

நீ சொன்னபடி துவாரகாவுக்குப் போய் அக்னஸ் ஆன்ட்டியைப் பார்த்தேன். மகள் மேல் கோபமெல்லாம் இல்லை. உனக்காக மாலாடு பிடிக்க இப்போதே பயறு வாங்கி வைத்திருக்கிறார். எனக்கு ரத்த அழுத்தம் பார்த்து, "கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு, செமினார் முடியட்டும், இறங்கிரும்" என்றார்.

ஜூலி, எனக்குத் தூக்கமே வருவதில்லை. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். அந்தக் கோடு எழும்புகிற இடத்தை நினைத்தாலே மனசு குதிக்கிறது. நீ அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்து. அவர்கள் பார்க்கட்டும்.

உன்,
வல்லி


ஜெனீவா
19 டிசம்பர் 2025

அன்பு வல்லி,

இந்தக் கடிதத்தை எழுதி அழித்து எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் கோபப்படுவதற்கு முன் கோப்பைத் திறந்து பார்.

சுங்கத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண் வரிசையைச் சில வருஷங்களுக்கு ஒரு முறை திருத்துவார்கள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தம் அமலான அதே ஜனவரியில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அதுவரை டிபன் கேரியரும் தண்ணீர் பாட்டிலும் 'இதரப் பொருட்கள்' என்ற எண்ணில் கிடந்தன. அந்த ஜனவரியில் அவற்றை உன் பாத்திர எண்ணுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். நீ பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நேருக்கு நேர் பொருத்தியிருக்கிறாய். 'இதர'வைப் பார்க்கவே இல்லை.

நான் பார்த்தேன். உன் கோடு எந்த மாதம் எழும்புகிறதோ அதே மாதம் 'இதர' விழுகிறது. எழும்பிய அளவுக்கே விழுகிறது. இரண்டையும் கூட்டினேன், கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

நம் பழைய குவார்ட்டர்ஸை இடித்து எல்லோரையும் வேறு காலனிக்கு மாற்றினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் புதுக் காலனியில் மட்டும் நின்று எண்ணிவிட்டு, தில்லியில் ஜனத்தொகை பெருகிவிட்டது என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? நாம் அதைத்தான் எழுதியிருக்கிறோம். நாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேப்பரை மூன்று வருஷமாக நீ சொல்லச் சொல்ல நானும் கைதட்டியிருக்கிறேன்.

ஏற்றுமதி ஏறவில்லை, வல்லி. சரக்கு வீடு மாறியிருக்கிறது.

அந்த அரங்கில் நான் எழுந்து நின்று 'நான் கண்டேன்' என்று சொல்ல வேண்டும். நான் கண்டது இதுதான். இன்னும் நாலு வாரம் இருக்கிறது. சாரிடம் போய்த் தேதியைத் தள்ளிவைக்கச் சொல். திருத்தி எழுதலாம். நான் கூட உட்காருகிறேன், வேண்டுமானால் நாள் முழுக்க வீடியோவில் இருக்கிறேன். உன் மேல் எனக்கு இருக்கும் மதிப்பில் ஒரு துளி கூடக் குறையவில்லை. இது யாரும் செய்யக்கூடிய தவறு.

உன்,
ஜூலி


லோதி ரோடு, புது தில்லி
21 டிசம்பர் 2025

பேராசிரியர் ஜூலியா அவர்களுக்கு,

உங்கள் மதிப்பில் ஒரு துளியும் குறையவில்லை என்று அறிந்து மகிழ்ச்சி.

தேதியைத் தள்ளிவைக்கச் சொல்கிறாய். குழு ஜனவரியில்தான் கூடும். அப்புறம் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் நான் இங்கே இருக்க மாட்டேன். இது உனக்குத் தெரியாதா? உனக்கு எழுதியிருந்தேனே!

நான் உன்னிடம் பரிசோதனை செய்யச் சொன்னேனா? பேசச் சொன்னேன். ஒரு மணி நேரம். இருக்கிற பேப்பரை இருக்கிறபடி சொல். அந்த அரங்கில் உள்ள யாரும் 'இதர' எண்ணைப் போய்ப் பார்க்கப் போவதில்லை. வேலை கிடைத்த மறு மாதமே நான் உட்கார்ந்து திருத்திவிடுகிறேன், நானே திருத்தம் வெளியிடுகிறேன், பெரிய எழுத்தில் போடுகிறேன். இரண்டு மாதம் பொறுக்க முடியாதா உன்னால்?

உன் வேலை நிரந்தரம். ஏரிக்கரையில் உட்கார்ந்து உண்மை பேசுவது சுலபம். இங்கே நான் ஏழு வருஷமாக ஒவ்வொரு மார்ச்சிலும் என் மேஜையைக் காலி பண்ணத் தயாராக அட்டைப்பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா பட்டு வேஷ்டியை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். அவரிடம் போய், 'அப்பா, கோடு படுத்துக்கொண்டது' என்று சொல்லவா?

நான் சொன்னபடி பேச முடிந்தால் வா. முடியாவிட்டால் வராதே. வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

சுந்தரவல்லி


லோதி ரோடு, புது தில்லி
4 ஜனவரி 2026

ஜூலி, ஜூலி, ஜூலி!

நீ பதில் போடவில்லை. போடாததும் சரிதான், நான் எழுதியது அப்படி. அந்தக் கடிதத்தை அனுப்பிய கையை உடைக்க வேண்டும். மன்னித்துவிடு என்று இப்போது இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்லப் போவதில் மறந்துவிடுவேன்.

புது வருஷத்தன்று வெளியே எதிர் வீடு தெரியாத பனி. எங்கும் போக முடியவில்லை. கோபத்தோடுதான் கோப்பைத் திறந்தேன், நீ தவறு என்று நிரூபிக்க. 'இதர'வைச் சேர்த்தேன். படுத்துவிட்டது. அழுதேன். நன்றாகவே அழுதேன். அப்பா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஒன்று தோன்றியது. அந்த ஜனவரியில் பாத்திரம் மட்டும்தானா வீடு மாறியது? திருத்தம் உலகத்துக்கே வந்ததல்லவா? இந்த அரங்கில் போன வருஷம் தோல் பை பற்றி ஒரு பேப்பர் வந்தது, ஏற்றுமதி எழும்பியது. கண்ணாடிச் சாமான் பற்றி ஒன்று, அதுவும் எழும்பியது. தரைவிரிப்பு பற்றி ஒன்று. ஒவ்வொன்றையும் எடுத்து, பக்கத்து எண்களையும் சேர்த்துக் கூட்டினேன். ஜூலி, ஒன்று விடாமல் படுக்கின்றன! எல்லாம் அதே மாதம்! ஒப்பந்தம் வேலை செய்தது என்று நாங்கள் எல்லோரும் எழுதிக் கைதட்டு வாங்கிய கதையில் பாதிக்கு மேல் சரக்கு வீடு மாறிய கதை. இது என் தவறு மட்டும் இல்லையடி, இது ஊர்த் தவறு! அந்தத் தவறான கிராஃபைத்தான் அதிகாரி பேச்சுவார்த்தை மேஜைக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறார்.

எழுதுவதை நடுவில் விட்டு எழுந்து இரண்டு தடவை நடந்துவிட்டு வந்தேன். என் பழைய பேப்பர் என்னை ஒருபோதும் இப்படி எழுப்பியதில்லை.

பேப்பரை முழுவதும் மாற்றி எழுதி இணைத்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே என் கிராஃபைப் போட்டு, இது தவறு என்று எழுதியிருக்கிறேன். சாருக்கும் குழுவுக்கும் நேற்றே அனுப்பிவிட்டேன். அந்தத் தரைவிரிப்புப் பேப்பர் யாருடையது தெரியுமா? சாருடையது. அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். இதுவரை ஒரு பதிலும் இல்லை.

வேலை கிடைக்காது என்று தெரியும். குழு ஒரு முடிவான பேப்பரைப் பார்க்கத்தான் வருகிறது, பாதி வெந்ததை அல்ல. பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், பரவாயில்லாமல் இல்லை. ஆனால் நான் வேறு எதையும் அந்த அரங்கில் கேட்க விரும்பவில்லை.

வந்து பேசு. நீ கண்டுபிடித்தது, நீதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி போடு, வருகிறாய் என்று.

உன் அசட்டு,
வல்லி


லோதி ரோடு, புது தில்லி
15 ஜனவரி 2026, மாலை

ஜூலியா,

நீ வரவில்லை. ஒரு வரியும் போடவில்லை. காலையிலிருந்து போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன், சொல்ல உன்னை விட்டால் யாரும் இல்லை. அதுதான் கொடுமை.

மூணு மணிக்கு அரங்கு நிறைந்துவிட்டது. பனியில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து நின்றார்கள்! நான் சுப் குர்சியில் போய் உட்கார்ந்தேன். நீ பேச வேண்டிய மேடை காலியாக இருந்தது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜூலியா எங்கே?" எனக்குப் பதில் சொல்ல அனுமதி இல்லை, தலையாட்டவும் அனுமதி இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். "வேற யாராவது பேசறீங்களா?" என்று கேட்டார். யாரும் எழவில்லை. எப்படி எழுவார்கள், அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருடைய கோடுகளும் அதில் படுத்துக் கிடக்கின்றன. "அப்ப இன்னிக்கு ரத்து" என்று சார் எழுந்தார்.

நான் எழுந்து நின்றேன்.

"சார், நான் பேசறேன்."

"விதி தெரியுமில்ல?"

"தெரியும் சார். எழுதினவ பேப்பரைக் காப்பாத்தப் பேசுவான்னுதானே விதி? நான் காப்பாத்தப் பேசலை. கீழே போடத்தான் பேசறேன்."

சார் நடந்து வந்து, நான் எழுந்த நாற்காலியில், ஜன்னல் ஓரத்தில், அவரே உட்கார்ந்துகொண்டார்! "இந்த நாற்காலி காலியா இருக்கக் கூடாது" என்றார். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய தரைவிரிப்புக் கோட்டைக் காட்டி, பக்கத்து எண்ணைச் சேர்த்து, அதைப் படுக்க வைத்தேன். அவர் தலையைக் கூட ஆட்டவில்லை. காது மட்டும் சிவந்தது. பையா டீ கொண்டுவந்து சாருக்கு முன்னால் நீட்டியபோது, "வேண்டாம்" என்று சொல்லக் கூட முடியாமல் வாங்கிக்கொண்டார்.

ஐயோ, என்ன கேள்விகள்! முன் வரிசையில் ஒருவர், "அப்போ நாலு வருஷமா நாங்க எழுதினதெல்லாம்?" என்றார். "கூட்டிப் பாருங்க சார், எனக்கும் தெரியாது" என்றேன். இலாகா அதிகாரி போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார், திரும்பி வந்து கடைசி வரை இருந்தார். கையைத் தூக்காமல் குறுக்கே பேசினார்கள், ஒருவர் எழுந்து வந்து என் கையிலிருந்து மார்க்கரைப் பிடுங்கிப் போர்டில் எழுதினார். நேரம் முடிந்தும் யாரும் எழவில்லை. பிரெட் பக்கோடா ஆறிப் போயிற்று, தொட ஆளில்லை! நான் முதல் நிமிஷத்திலேயே 'நான் தவறு செய்தேன்' என்று சொல்லியிருந்தேன். அதைச் சொன்ன பிறகு எனக்குப் பயப்பட ஒன்றுமே மிச்சமில்லை, ஜூலி. என் வாழ்நாளில் நான் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கடைசி வரிசையில் அனுமதி இல்லாமல் எழுந்து நின்று கைதட்டினார்.

எல்லாம் முடிந்து சார் நாற்காலியை விட்டு எழுந்தார். "போஸ்ட் இந்த வருஷம் உங்களுக்குக் கிடைக்காது. குழு அப்படித்தான் சொல்லும், நானும் மாத்த மாட்டேன்" என்றார். பிறகு, "அடுத்த வியாழனும் இதேதான் பேசறோம். நீங்களே பேசுங்க" என்றார். மார்ச் வரை எத்தனை வியாழன் இருக்கிறதோ அத்தனையும் பேசுவேன். அப்புறம் மும்பை.

இனி உன்னைப் பற்றி. கோபத்தில் எழுதினேன், மன்னிப்பும் கேட்டேன். வராதே என்று சொன்னவளும் நான்தான், வா என்று கெஞ்சியவளும் நான்தான். அதற்குப் பதில் போடாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் கதவு திறந்த ஒவ்வொரு முறையும் நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அரங்கில் எனக்கு வேண்டியது எல்லாமே கிடைத்தது, நீ மட்டும் இல்லை. ரொம்ப வலிக்கிறது. காலையில் அக்னஸ் ஆன்ட்டிக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினேன், வீடு பூட்டியிருந்ததாம், பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள்.

இனி நான் உனக்கு எழுதமாட்டேன். நன்றாக இரு.

சுந்தரவல்லி


ஜெய்ப்பூர் விமான நிலையம்
15 ஜனவரி 2026, காலை

அன்பு வல்லி,

இதை உன் கையில்தான் தரப் போகிறேன். அரங்கு முடிந்ததும் படி.

தில்லியில் இறங்க முடியாத பனி என்று ஜெய்ப்பூரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். விமானத்துக்குள்ளேயே உட்கார வைத்திருக்கிறார்கள். போன் செத்துவிட்டது, சார்ஜர் கீழே போட்ட பெட்டியில். பக்கத்து சீட் அம்மாளின் போனை வாங்கினேன், உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை! எனக்கு மனப்பாடமாகத் தெரிவது துவாரகா வீட்டு லேண்ட்லைன் மட்டும்தான். அம்மா எடுக்கவில்லை. விடியற்காலையிலேயே ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியிருப்பாள். நான் வருவதை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். சொல்லாதே என்றால் உயிர் போனாலும் சொல்லமாட்டாள்.

டிசம்பரில் நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எண்களைப் பற்றித்தான் எழுத வந்தது. அதனால் எழுதவில்லை. ஜனவரியில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறாய். அதை நான் இன்னும் திறக்கவில்லை. 'வராதே' என்று மறுபடி எழுதியிருந்தால் வர முடியாமல் போய்விடுமே என்று பயம். உன் முன்னால் உட்கார்ந்து திறக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தீர்மானித்துவிட்டேன். உங்கள் அரங்கில் பேசுகிறவள் 'நான்' என்றுதானே சொல்ல வேண்டும்? சொல்கிறேன். பாத்திர எண்களைப் பொருத்தியது நான். வல்லிக்கு அந்தக் கோப்பைத் தயாரித்துக் கொடுத்தது நான். 'இதர'வைப் பார்க்காமல் விட்டதும் நான். என்னை நம்பி அவள் எழுதினாள். இப்படித்தான் ஆரம்பிக்கப் போகிறேன். பொய்தான். நான் மேடையில் சொல்லும் முதல் பொய். பேப்பர் விழும், நீ விழமாட்டாய். ஏமாந்தது நீ, தவறு ஜெனீவாக்காரியுடையது என்று குழு போய்விடும். என் வேலை நிரந்தரம் என்று எழுதியிருந்தாயே, கோபத்தில் எழுதினாலும் அது சரிதான். நிரந்தர வேலையை வைத்துக்கொண்டு நான் வேறு என்ன செய்ய?

பள்ளிக்கூடத்தில் நீ பேசியதற்கெல்லாம் நான் பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறேன். இதற்கும் ஏறுகிறேன்.

பனி விலகுகிறது என்று இப்போதுதான் அறிவித்தார்கள். இன்ஜின் சத்தம் கேட்கிறது. மூணு மணிக்குள் எப்படியாவது வந்துவிடுவேன், அம்மா டாக்சியைப் பிடித்து வைத்திருப்பாள். கொஞ்சம் தாமதமானாலும் சாரிடம் சொல்லி நிறுத்தி வை. இல்லை, நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். உன்னை எனக்குத் தெரியும், எழுந்து ஏதாவது பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவாய். ஒரே ஒரு நாள், எனக்காக, நான் வந்து சேரும்வரை அந்த ஜன்னல் ஓரத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திரு.

உன்,
ஜூலி